எட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் வசித்தால் குற்றமா? சொராரிட்டி வீடுகள் இல்லாத அமெரிக்க வளாகங்கள்

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தோடு போய் வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அங்கேயே படிக்கும் மாணவர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். கூட்டத்தின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகப் பின்பக்கமாகவே நடப்பார். படிக்கட்டு வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணன் மகளுக்காக நானும் அப்படி ஒரு கூட்டத்தோடு நடந்தேன். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். ஆண்கள் சங்க வீடுகள் என்றார் வழிகாட்டி.

"பெண்கள் சங்கங்களுக்கு வீடு எங்கே?" என்று ஓர் அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் சிரித்தார். "எங்கள் மாநிலத்தில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. எட்டுப் பெண்களுக்கு மேல் ஒரே வீட்டில் வசித்தால், சட்டப்படி அது விபசார விடுதி!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் மட்டும் என் பக்கம் குனிந்து, "மகளை இங்கே சேர்க்கலாமா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் வேறு மாநிலம், வேறு கல்லூரி. அதே பின்நடை, அதே கேள்வி, அதே பதில். எண் மட்டும் ஆறாகக் குறைந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

இந்தக் கதையை அமெரிக்காவில் படித்த பலர் உண்மை என்றே நம்புகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கிருந்து வந்து அப்படியே ஒப்பிக்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அதில் கிளுகிளுப்பு குறைவு, சுவாரசியம் அதிகம்.

எந்தச் சங்கம், என்ன வீடு?

லத்தீன் மொழியில் ஃப்ராட்டர் என்றால் சகோதரன், சொரோர் என்றால் சகோதரி. கல்லூரி ஆண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஃப்ரட்டர்னிட்டி. பெண்கள் நடத்துவது சொராரிட்டி. இரண்டாவது சொல் கொஞ்சம் பிந்தியது. முதல் பெண்கள் சங்கங்கள் தம்மையும் ஃப்ரட்டர்னிட்டி என்றே அழைத்துக்கொண்டன. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த ஃப்ராங்க் ஸ்மாலி என்ற பேராசிரியர்தான், பெண்களை இப்படி அழைப்பது பொருந்தவில்லை என்று 1882-ல் சொராரிட்டி என்ற சொல்லைக் கொடுத்தார்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் வழக்கம் 1776-ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாவிலிருந்து வருகிறது. அது பின்னாளில் படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் பார்க்கும் வகைச் சங்கங்கள் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825 முதல் முளைத்தவை. தேசிய அளவில் ஒரு தலைமை, கல்லூரிக்குக் கல்லூரி ஒரு கிளை என்பது அமைப்பு. ரகசியச் சடங்கு, சின்னம், வாழ்நாள் உறுப்பினர் உரிமை எல்லாம் உண்டு. கிளைக்கென்று வீடு இருந்தால் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அங்கே தங்குவார்கள், மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் கூட்டத்துக்கும் வந்து போவார்கள்.

சங்கம் என்பது ஆட்கள். வீடு என்பது கட்டடம். ஆட்கள் இருக்கும் எல்லா இடத்திலும் கட்டடம் இருப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிச் சிக்கல் இங்கேயே தீரும்.

அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தவர்கள் யாருக்கும் அது அகப்படவில்லை. அகப்படாததில் வியப்பும் இல்லை. விபசார விடுதியைப் பற்றிய சட்டங்கள் உள்ளே நடக்கும் தொழிலைப் பார்த்துத்தான் குற்றம் தீர்மானிக்கின்றன, தலைகளை எண்ணி அல்ல. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் கன்னியாஸ்திரிகள் மடமும் செவிலியர் விடுதியும் முதலில் மாட்டும். சொராரிட்டிக்கு வீடு இல்லாத அதே வளாகத்தில் இருநூறு பெண்கள் தங்கும் கல்லூரி விடுதி ஒன்று எப்போதும் இருக்கிறது. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சொராரிட்டிகளுக்குத் தனி வீடுகள் கிடையாது. பல்கலைக்கழக விடுதிக் கட்டடங்களில் ஆளுக்கொரு பகுதி. அதே மாநிலத்தின் டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனால், அரண்மனை மாதிரி சொராரிட்டி வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. பென்சில்வேனியாவிலும் இப்படித்தான். பென் ஸ்டேட் என்ற பல்கலைக்கழகத்தில் சொராரிட்டிகள் விடுதித் தளங்களில் வசிக்கின்றன. ஃபிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு வீடுகள் இருக்கின்றன. ஒரே மாநிலம், ஒரே சட்டப் புத்தகம், விளைவு மட்டும் வேறு. அப்படியானால் காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஊரிலும் வளாகத்திலும் இருக்கிறது.

கட்டில் பற்றாக்குறை

வீடுகள் ஏன் இல்லை என்பதற்கு முன், அவை ஏன் வந்தன என்று கேட்பது நல்லது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் கை சை என்ற சங்கத்தின் மாணவர்கள் 1846-ல் காட்டுக்குள் ஒரு மரக் குடில் கட்டினார்கள். அமெரிக்காவின் முதல் ஃப்ரட்டர்னிட்டி வீடு என்று அதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். பேராசிரியர்களின் கண்ணில் படாமல் கூட்டம் நடத்துவதற்கான இடம் அது. யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

பிறகு 1850களில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி டாப்பன் மாணவர்கள் தங்கிய அறைகளை வகுப்பறைகளாக மாற்றினார். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அவருடைய முன்மாதிரி: கல்லூரியின் வேலை கற்பிப்பது, சோறு போடுவதும் படுக்கை விரிப்பதும் அதன் வேலையல்ல. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் இதே எண்ணத்தில்தான் இருந்தன. மாணவர்கள் ஊருக்குள் வாடகை அறை தேடி அலைந்தார்கள். சங்கங்கள் அந்த இடைவெளிக்குள் நுழைந்தன. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், சங்கமும் வளரும். கல்லூரி நிர்வாகங்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. சொந்தச் செலவில்லாமல் மாணவர்களுக்குக் கட்டில் கிடைத்துவிட்டதே!

ஆகவே பல்கலைக்கழகம் விடுதி கட்டாத இடங்களில், அதிலும் நிலம் மலிவாகக் கிடைத்த நடுமேற்குச் சிற்றூர்களில், சங்க வீடுகள் பெருகின. விடுதி போதுமான அளவு இருந்த இடத்திலும், மாணவர்கள் சொந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து போன நகரக் கல்லூரிகளிலும் அவற்றுக்குத் தேவையே எழவில்லை. பல வளாகங்களுக்கு விளக்கம் இவ்வளவுதான்.

குடும்பம் என்றால் யார்?

இனி சட்டத்துக்கு வருவோம். கட்டுக்கதைக்குப் பின்னால் ஒரு நிஜச் சட்டம் நிற்கிறது. அது விபசாரத்தைப் பற்றியதல்ல.

"வீடு வாடகைக்கு, குடும்பத்தினருக்கு மட்டும்" என்ற பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் ஊரில் அது வீட்டுக்காரரின் விருப்பம். அமெரிக்காவில் பல ஊர்களில் அதை ஊராட்சியே விதியாக எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பகுதியில் கடை வரலாம், இங்கே தொழிற்சாலை, இங்கே ஒற்றைக் குடும்ப வீடு மட்டும் என்று ஊர் நிலத்தைப் பிரித்து வைக்கும் விதிக்கு ஸோனிங் என்று பெயர். இது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-ல் தீர்ப்புச் சொன்னது.

ஒற்றைக் குடும்ப வீடு மட்டும் என்று எழுதியவுடன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: குடும்பம் என்றால் யார்? நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பெல் டெர் என்று ஒரு சின்ன கிராமம். ஏறக்குறைய 220 வீடுகள், 700 பேர். ரத்த உறவு, திருமணம், தத்து ஆகிய வழிகளில் சொந்தமானவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரு வீட்டில் இருக்கலாம். சொந்தமில்லாதவர்கள் என்றால் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது அவ்வூர் விதி. தங்கும் விடுதி, ஃப்ரட்டர்னிட்டி வீடு போன்றவை கூடாது என்று பெயர் சொல்லியே விலக்கியிருந்தார்கள். அருகில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம். அதன் மாணவர்கள், ஆணும் பெண்ணுமாக ஆறு பேர், அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஊராட்சி நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

1974-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கிராமம் வென்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், அகன்ற முற்றங்களும் குறைந்த ஆட்களும் குறைந்த வாகனங்களும் உள்ள அமைதியான இடத்தை விரும்பும் உரிமை ஓர் ஊருக்கு உண்டு என்றார். மறுப்புத் தெரிவித்தவர்களில் ஒருவரான தர்குட் மார்ஷல் விதியின் அபத்தத்தைச் சுட்டினார். ஒரு டஜன் பேர் கொண்ட குடும்பம் சின்ன வீட்டில் நெருக்கியடித்து வாழலாம். பக்கத்திலிருக்கும் பெரிய மாளிகையில் ஓய்வுபெற்ற முதியவர்கள் மூன்று பேர் சேர்ந்து வாழக் கூடாதா? நம் கூட்டுக்குடும்பங்கள் பெல் டெரில் தாராளமாகக் குடியேறியிருக்கலாம். மூன்று நண்பர்கள் முடியாது.

எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் பெரிய வீடு ஒன்றில் சேர்ந்து வாழ்ந்த சொந்தமில்லாத பெரியவர்கள் மீது நகர நிர்வாகம் தொடுத்த வழக்கில், அம்மாநில உச்ச நீதிமன்றம் 1980-ல் இப்படிப்பட்ட விதியைத் தள்ளிவிட்டது. மற்ற பல ஊர்களில் அது உயிரோடுதான் இருக்கிறது. பாஸ்டன் நகரம் 2008-ல், முழுநேர இளநிலை மாணவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே குடியிருப்பில் தங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது.

இந்த விதிகள் எதிலும் பெண்கள் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்களுக்கும் அதே எண்ணிக்கைதான். ஆனால் "சொந்தமில்லாதவர்கள் இத்தனை பேருக்கு மேல் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது" என்ற வாக்கியம் வாய்மாறி வாய்மாறி எப்படித் திரிந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. "சொந்தமில்லாதவர்கள்" என்ற இடத்தில் "பெண்கள்" வந்து உட்கார்ந்தது. ஏன் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் தேவைப்பட்டது. இது என் ஊகம்தான்; எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: பெண்களைத் தனியாகத் தடுக்கும் சட்டம் இல்லை. கட்டில் தட்டுப்பாடு இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. ஊராட்சியின் ஸோனிங் விதி புதிய வீடுகளை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே, கடினமாக்கியது.

அப்படியானால் ஆண்களுக்கு மட்டும் எப்படி?

வழிகாட்டியின் கதை நிற்பதே இந்தக் கேள்வியின் பலத்தில்தான். பதில் பெரும்பாலும் காலக்கணக்கு. ஆண்களின் சங்கங்கள் 1820களில் தொடங்கிவிட்டன. பெண்களைப் பல கல்லூரிகள் சேர்க்கவே இல்லை. கிரேக்க எழுத்துப் பெயரோடு முதல் பெண்கள் சங்கமான கப்பா ஆல்ஃபா தீட்டா பிறந்தது 1870-ல், இன்று டிபாவ் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகத்தில். பெண்கள் தாங்களே கட்டிய முதல் சங்க வீடு சிரக்யூஸில் ஆல்ஃபா ஃபை சங்கம் 1886-ல் எழுப்பியது. பல வளாகங்களில் பெண்கள் வந்து சேர்ந்தபோது நல்ல தெருக்களில் நிலம் போய்விட்டது. சில ஆண்டுகளில் ஸோனிங்கும் வந்துவிட்டது. விதி வருவதற்கு முன்பே நின்ற கட்டடம் பொதுவாகத் தப்பிக்கும். பிந்தி வருபவர் விதிவிலக்குக் கேட்டு ஊர்க் கூட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

இன்னொன்று, பெண்களைக் கல்லூரிகள் நடத்திய விதம். ஆண் மாணவன் ஊருக்குள் எங்கே தங்கினாலும் கவலைப்படாத நிர்வாகங்கள், மாணவிகளைத் தம் விடுதியிலேயே வைத்து, இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று நேரம் குறித்து, ஒரு மேற்பார்வைப் பெண்மணியையும் உட்கார வைத்தன. 1960கள் வரை இது பரவலான வழக்கம். ஆக மாணவிகளுக்குக் கட்டில் கல்லூரிக்குள்ளேயே இருந்தது. சொராரிட்டிக்கு விடுதியில் ஒரு தளத்தைக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. பெண்களைக் கட்டுப்படுத்தும் எண்ணம் இதில் நிச்சயமாக இருந்தது. கட்டுக்கதை அந்த வாசனையைச் சரியாகவே பிடித்திருக்கிறது. பழியைப் போட்ட இடம்தான் தப்பு.

வீடு இருந்தாலும் சொராரிட்டி வீடுகளில் மது விருந்து நடப்பதில்லை என்பதற்கும் இதே விபசாரச் சட்டத்தைக் காரணமாகச் சொல்வார்கள். தேசியத் தலைமைகள் தம் வீடுகளில் மதுவைத் தடை செய்திருக்கின்றன. அவ்வளவே.

பணக் கணக்கு

கிளையின் வீட்டை வழக்கமாக மாணவர்கள் வைத்திருப்பதில்லை. பழைய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தனி நிறுவனம் அதற்குச் சொந்தக்காரர். கடன் வாங்கிக் கட்டுவதும், தீயணைப்புத் தெளிப்பான் பொருத்துவதும், காப்பீடு கட்டுவதும் அதன் பொறுப்பு. அறுபது கட்டில் இருந்தால் அறுபதும் ஆண்டுதோறும் நிரம்பியாக வேண்டும். காலியான ஒவ்வொரு கட்டிலும் கடன் தவணையைக் கடிக்கும். அலபாமா மாதிரி ஒரு கிளையிலேயே முந்நூறு உறுப்பினர்களுக்கு மேல் இருக்கும் இடத்தில் இது கட்டுப்படியாகும். ஐம்பது பேர் உள்ள கிளைக்கு, அதுவும் பாஸ்டன் விலையில், கனவில்கூட ஆகாது. நிலம் பல்கலைக்கழகத்துடையது என்றால் அது குத்தகைக்குக் கொடுத்தால்தான் உண்டு.

வேண்டாம் என்றே சொன்ன கல்லூரிகள்

சில இடங்களில் விடை இன்னும் நேரடியானது. நிர்வாகமே மூடிவிட்டது. வில்லியம்ஸ் கல்லூரி 1962-லிருந்து படிப்படியாக ஃப்ரட்டர்னிட்டிகளை விலக்கியது. ஆம்ஹெர்ஸ்டும் கோல்பியும் 1984-ல், போடன் 1997-ல் முடிவெடுத்தன. வீடுகள் பலவும் கல்லூரியின் கைக்கு வந்து மாணவர் விடுதிகளாயின. ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இந்தச் சங்கங்களே இல்லை. 1957 முதல் மாணவர்கள் எல்லோரையும் உறைவிடக் கல்லூரிகள் என்ற பிரிவுகளில் சேர்த்துவிடுகிறார்கள்.

பெண்கள் சங்கங்களைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வார்த்மோர் கல்லூரியின் கதை. அங்கே சொராரிட்டிகளை ஒழித்தவர்கள் மாணவிகளே. மாலி யார்ட் என்ற மாணவியின் சங்கம், யூதர் என்பதற்காக ஒரு பெண்ணைச் சேர்க்க மறுத்தது. தன் சொந்தச் சங்கத்துக்கு எதிராகவே அவர் கிளம்பினார். 1933-ல் சொராரிட்டி முறையே அங்கே முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அமெரிக்காவின் பெரிய பெண்ணுரிமை அமைப்பான தேசியப் பெண்கள் அமைப்புக்குத் தலைவரானார்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது எண்ணிக்கைச் சிக்கல். மாணவிகள் 500 பேருக்கு மேல் கூடாது என்று நிறுவனர் ஜேன் ஸ்டான்ஃபோர்ட் வைத்திருந்த உச்சவரம்பு 1933-ல் தளர்ந்தது. பெண்கள் பெருகினார்கள், சொராரிட்டிகளில் இடம் பெருகவில்லை. இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று வளாகம் இரண்டுபட்டது. 1944-ல் நிர்வாகம் சொராரிட்டிகளைத் தடை செய்தது. தடை நீங்கிச் சங்கங்கள் திரும்ப 1977 ஆயிற்று. அதற்குள் பழைய வீடுகள் கைமாறிவிட்டன.

வீடில்லாத சங்கங்கள்

வீடு இல்லாவிட்டால் சங்கம் சோப்ளாங்கியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கறுப்பின மாணவர்களின் ஒன்பது பெரிய சங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கிளைகளில் பெரும்பாலானவற்றுக்கு வீடே கிடையாது. நிறப் பாகுபாடு உச்சத்திலிருந்த காலத்தில் வெள்ளையர் வளாகங்களில் அவர்களுக்கு யார் நிலம் கொடுத்திருப்பார்கள்? அதற்குப் பதிலாகப் பல வளாகங்களில் ஒரு கல்மேடை, ஒரு பெஞ்சு, சங்க நிறம் பூசிய ஒரு சின்ன இடம் இருக்கும். அங்கே கூடுவார்கள், ஆடுவார்கள், பழைய உறுப்பினர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

அவற்றில் முதல் பெண்கள் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-ல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதே ஹோவர்டில் படித்தபோது 1986-ல் அதில் சேர்ந்தார். 2020-லும் 2024-லும் அவர் தேர்தலில் நின்றபோது இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்த சங்கச் சகோதரிகள் நாடு முழுவதும் அவருக்காக இறங்கினார்கள்.

அண்ணன் மகள் கடைசியில் சொராரிட்டி வீடு இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்தாள். விடுதியில் ஒரு தளம் முழுக்க அவள் சங்கத்துப் பெண்கள். கதவுக்குக் கதவு வண்ணத்தாளில் கிரேக்க எழுத்துகள் ஒட்டியிருக்கும். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது, அவளும் இப்போது புதிதாக வரும் குடும்பங்களுக்கு வழிகாட்டியாகப் பின்நடை நடக்கிறாள் என்று சொன்னாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"ஸோனிங் என்று ஆரம்பித்தால் யாரும் கேட்பதில்லை, சித்தப்பா," என்றாள். "முதலில் அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறேன். பிறகு அது பொய் என்கிறேன். பாதிப் பேர் அதற்குள் சாப்பாட்டுக்கூடத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறார்கள்."